எல்லா மலைக்கும் ஒரே ஜோடி

வட்டக்கானலில் இருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு நடந்தே இறங்கலாம் என்று மகள் சொன்னபோது, முதலில் என் காலைத்தான் பார்த்தேன். எனக்கு வயது 56. சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணலாம்ப்பா" என்றாள்.

டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டார். "தொடும்போது சொல்லுங்க" என்றார். நான் ஏழு முறை சொன்னேன். அவர் தொட்டது பத்து முறையாம். பிறகு இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைத்தார். அதிர்வு கொஞ்சம்தான் தெரிந்தது.

"ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. புண் எதுவும் இல்ல. போகலாம்" என்றவர் மூன்று நிபந்தனைகள் போட்டார். சரியான ஷூ வேண்டும். ஓர் அடிகூட வெறுங்காலில் வைக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஷூவைக் கழற்றிக் காலைப் பார்க்க வேண்டும். "நீங்க பார்த்தா போதாது. இன்னொருத்தர் பார்க்கணும்" என்றார்.

எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

எங்களுக்குத் திண்டுக்கல். அப்பா ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பழனிக்குப் பாதயாத்திரை போவார். அறுபது கிலோமீட்டர், வெறுங்கால். திரும்பி வந்ததும் அம்மா அவர் காலை மடியில் வைத்து, ஊக்கால் முள் எடுத்து, மஞ்சளும் எண்ணெயும் தடவுவார். 1997-ல் அப்படிப் போய்வந்தபோது குதிகாலுக்குப் பக்கத்தில் கண்ணாடித் துண்டு ஒன்று ஏறியிருந்தது. அப்பாவுக்கு வலிக்கவே இல்லை. 'முருகன் புண்ணியம், வலியே தெரியல' என்றுதான் எல்லாரும் சொன்னோம். புண் ஆறாமல் விரல்கள் வரை பரவிய பிறகுதான் அவருக்குச் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். பாதயாத்திரை மட்டும் போகவில்லை.

வலி இல்லாதது புண்ணியம் இல்லை என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. அதனால் ஷூ வாங்கும் வேலையை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பரணில் எட்டு வருஷத்துக்கு முன் வாங்கிய மலையேற்ற ஷூ ஒன்று இருந்தது. மொத்தமே நாலைந்து முறைதான் போட்டிருப்பேன். புதிது மாதிரி பளபளத்தது. போட்டுக்கொண்டு திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு ஒரு நடை போனேன். பாதி ஏறுவதற்குள் அடிப்பாகம் வாய் பிளந்துவிட்டது. சும்மா வைத்திருந்தால் ஷூ கெடாது என்று நினைப்பது தப்பு. அடிப்பாகத்தில் இருக்கும் பாலியூரித்தேன், காற்றிலுள்ள ஈரத்தால் வருஷக்கணக்கில் மெல்ல உதிர ஆரம்பித்துவிடும். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருந்தால், பயணத்துக்கு முன் ஒருமுறை வளைத்துப் பாருங்கள்.

சரி, புதிது வாங்க வேண்டும். எதை வாங்குவது?

இந்தப் பாதையின் சிக்கலே அது ஒரே பாதை இல்லை என்பதுதான். கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பைன் ஊசி இலை மெத்தை மாதிரி கிடக்கும், காய்ந்திருந்தால் வழுக்கும். அடுத்து சோலைக்காடு. அழுகிய இலை, வேர், அட்டை. நடுவில் ஈரப் பாறை. வெள்ளகவிக்குக் கீழே இறங்க இறங்க உருளும் கற்கள். கடைசியில் முள்காடு, வெயில். காலையில் ஸ்வெட்டர், மத்தியானம் வேர்வை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷூ என்றால் கழுதை மேல்தான் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

கனடாவில் இருக்கும் என் மச்சினன் பனிச்சறுக்குப் பைத்தியம். போனில் சொன்னபோது சிரித்தான். "மாமா, ஸ்கீ வாங்கறப்ப எங்களுக்கும் இதே தலைவலிதான். பனி காலையில கண்ணாடி மாதிரி இறுகி இருக்கும், மத்தியானம் கூழாயிடும், ராத்திரி புதுசா பெய்ஞ்சா பஞ்சு மாதிரி. பந்தய ஸ்கீ நடுவுல 70 மில்லிமீட்டருக்குள்ள ஒல்லியா இருக்கும். இறுகின பனியைக் கத்தி மாதிரி பிடிக்கும், பஞ்சுப் பனியில புதைஞ்சிடும். 110-க்கு மேல அகலமா இருந்தா பஞ்சுல மிதக்கும், இறுகின பனியில திரும்பவே அடம்பிடிக்கும். அதனால 85-லேர்ந்து 100 வரைக்கும் ஒண்ணு வாங்குவோம். 'ஆல் மவுண்டன்'னு பேரு. எதுலயும் அது முதல் மார்க் வாங்காது மாமா. ஆனா எதுலயும் ஃபெயில் ஆகாது."

பனியே பார்க்காத எனக்கு அது சட்டென்று புரிந்தது. எனக்கு வேண்டியதும் எதிலும் ஃபெயில் ஆகாத ஒரு ஜோடிதான்.

கடையில் முதலில் எடுத்துக் காட்டியது கணுக்கால் மறைக்கும் கனமான பூட்ஸ். "வாட்டர் ப்ரூஃப் சார், உள்ள ஒரு சொட்டு போகாது" என்றார் விற்பனையாளர். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வெளியிலிருந்து வராத தண்ணீர், உள்ளேயிருந்தும் சீக்கிரம் போகாது. ஓடையில் கால் முங்கி மேல் வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டால், நாள் முழுக்கக் குளத்தில் நடந்த மாதிரிதான். அடிவார வெயிலில் வேர்வை வேறு. ஊறிய தோல் சீக்கிரம் கொப்பளிக்கும். என் மாதிரி ஆளுக்குக் கொப்புளம் சின்ன விஷயம் இல்லை. பனிப் பிரதேசத்துக்கு அது சரி, எனக்குச் சரிவராது.

அடுத்தது ஓட்டப்பயிற்சி ஷூ. இறகு மாதிரி இருந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் பிடிப்பே இல்லை. தார் ரோட்டுக்கு ராஜா, ஈரப் பாறையில் எமன்.

மூன்றாவது, மண் பாதையில் ஓடுபவர்களுக்கான ஷூ. அடியில் நாலைந்து மில்லிமீட்டர் உயரத்துக்கு ரப்பர் பற்கள். அதைவிட ஆழமாக இருந்தால் சேற்றில் நன்றாகப் பிடிக்கும், பாறையில் கால் ஆடும். மேலே சீக்கிரம் காயும் வலைத்துணி, விரல் முனையில் கல் இடித்தால் தாங்க ரப்பர் கவசம். நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் இறங்கும் ரப்பர். கல் மாதிரி கெட்டியாக இருந்தால் ஈரத்தில் பிடிக்காது. இதுதான் என்று முடிவு செய்தேன்.

என் வழக்கமான 8-ஆம் நம்பரைப் போட்டேன். கச்சிதமாக இருந்தது. "இதே இருக்கட்டும்" என்றேன். மகள்தான் விடவில்லை. ஷூவுக்குள் இருந்த மெத்தையை உருவித் தரையில் போட்டு, "இது மேல நில்லுங்கப்பா" என்றாள். நின்றேன். சுண்டுவிரல் மெத்தையைத் தாண்டி வெளியே நின்றது. உணர்ச்சி குறைந்த காலுக்கு, இறுக்கிப் பிடித்தால்தான் 'கச்சிதம்' என்று தோன்றுமாம். சரியான அளவு தொளதொளவென்று தெரியுமாம். கால் பொய் சொல்லும், மெத்தை சொல்லாது.

9-ஆம் நம்பரில், அகலமான முன்பகுதி உள்ளதாக எடுத்தோம். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், இறக்கத்தில் விரல் போய் இடிக்காமல் இருக்க. கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில், மலையில் போடப்போகும் அதே சாக்ஸோடு போட்டுப் பார்த்துத்தான் வாங்கினோம். சாக்ஸ் பருத்தி இல்லை, பருத்தி வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். தடித்த தையல் இல்லாத கம்பளிக் கலவை, வெள்ளை நிறம். ரத்தம் கசிந்தால் வெள்ளையில்தான் தெரியும்.

ஒரு மாதம் அந்த ஷூவோடு காய்கறி வாங்கப் போனேன், கோயில் வாசல் வரை போனேன், ஒரு நாள் சிறுமலையும் போனேன். ஜனவரியில், தைப்பூசத்துக்கு முன்னால், வனத்துறை அனுமதி வாங்கி, உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு கிளம்பினோம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீ நடந்த பிறகு அனுமதி இல்லாமல் யாரும் காட்டுக்குள் போகக் கூடாது, போகவும் வேண்டாம்.

டால்பின் மூக்குப் பாறையில் முதல் சோதனை. மகள் என் ஷூவைக் கழற்றி, விரலிடுக்கு வரை டார்ச் அடித்துப் பார்த்தாள். சுற்றிலும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளுக்கு இல்லை.

சோலைக்குள் ஷூ நன்றாகப் பிடித்தது. ஈரப் பாறையில் ஒரே ஒருமுறை வழுக்கியது, கையில் இருந்த தடி காப்பாற்றியது. கார் ரோடு வருவதற்கு முன் கொடைக்கானலுக்குப் போனவர்கள் பெரியகுளம் பக்கமிருந்து நடந்தும் குதிரையிலும் டோலியிலும்தான் ஏறினார்கள். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே முதல் வீடுகளைக் கட்டியபோது, சாமான்களைத் தலையில் சுமந்து ஏறியவர்கள் நம் ஆட்கள். அவர்கள் காலில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன்.

வெள்ளகவி எல்லை வந்ததும் வழிகாட்டி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அந்த ஊருக்குள் யாரும் காலணி போடுவதில்லை. வீடுகளும் கோயில்களும் ஒட்டி ஒட்டி இருக்கும், ஊரே கோயில் என்பது அவர்கள் எண்ணம். முன்பே கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் எல்லையில் நிற்கும்போதுதான் நெஞ்சு கனத்தது. இவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கிய ஷூவோடு உள்ளே போக முடியாது. அது இல்லாமல் போக எனக்கு அனுமதி இல்லை.

"நீ போய்ப் பார்த்துட்டு வா பாப்பா. நான் இங்கயே இருக்கேன்" என்று மரத்தடியில் உட்கார்ந்தேன்.

அவள் போவதற்கு முன் காலைப் பார்த்தாள். இடது சுண்டுவிரல் பக்கம் எட்டணா அளவுக்குச் சிவந்திருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அப்பாவின் கால் கண் முன் வந்து போனது. அழுத்தத்தால் வந்த சிவப்பு அரை மணி நேரத்துக்குள் மறைந்தால் பயமில்லை, மறையாவிட்டால் எச்சரிக்கை என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறையாவிட்டால் என்ன செய்வது? அங்கிருந்து பஸ் ஏற முடியாது. ஊரில் முடியாதவர்களையே டோலி கட்டித்தான் தூக்கிப் போவார்களாம்.

சாக்ஸைக் கழற்றி, துண்டின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, நீ உள்ள வரலையா?"

"சுகர் இருக்குங்கம்மா. வெறுங்கால்ல நடக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"அப்ப அங்கயே இரு" என்று போனவர், கடுங்காப்பியோடு எல்லைக்கே வந்தார். "சக்கரை போடல" என்றார்.

காப்பி குடித்து முடித்து, மகள் ஊரைப் பார்த்துவிட்டு வந்தபோது சிவப்பு மறைந்திருந்தது. அந்த இடத்தில் டேப் ஒட்டி, சாக்ஸ் மாற்றி, முன்பக்க லேஸைத் தளர்த்தி, கணுக்கால் பக்கம் மட்டும் இறுக்கிக் கட்டினாள். இறக்கத்தில் பாதம் முன்னால் சரியாமல் இருக்க அதுதான் வழி. சாயங்காலம் நாலரைக்குக் கும்பக்கரை வந்து சேர்ந்தோம். சாக்ஸ் மண் நிறமாகியிருந்தது. சிவப்பு மட்டும் இல்லை.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழுவி, பேப்பர் திணித்து நிழலில் காயவைத்தேன். வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடும். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது.

"இது மாதிரி அன்னிக்கே உங்கப்பாவுக்கு வாங்கிக் குடுத்திருந்தா போட்டிருப்பாராடா?"

"போட்டிருக்க மாட்டாரும்மா."

"ஆமா, போட்டிருக்க மாட்டாரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வாங்கிக் குடுத்திருக்கலாம்" என்றார்.