மலை நடத்திய பாடம்

இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையின் முன் நின்று பழகியவனுக்குக் கேட்பதைவிடச் சொல்வதே எளிது. அப்பழக்கத்திற்கு 2023ஆம் ஆண்டுக் கோடையில், லடாக்கின் லே நகரில் ஒரு தடை நேர்ந்தது.

தில்லியிலிருந்து விமானத்தில் சென்ற நானும் என் மைத்துனரும், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இறங்கினோம். அங்கே இராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றிய என் பழைய மாணவர் எங்களை வரவேற்றார். "ஐயா, இரண்டு நாள் ஓய்வாக இருங்கள், எங்கும் ஏற வேண்டாம்" என்றார். நான் சிரித்து வைத்தேன். கடைத்தெருவிலுள்ள பழைய ஜும்ஆப் பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு, மேலே உயர்ந்து நிற்கும் அரண்மனைக்கு ஏறினேன்.

இரவில் தலை பிளந்தது, உணவு வெறுத்தது, இருமுறை வாந்தி. மைத்துனர் வினவியபோது "ஒன்றுமில்லை" என்றேன். மாணவரிடம் தோற்க மனம் ஒப்பவில்லை. நெஞ்சின் இறுக்கத்திற்கு வானில் ஏறுபவனை உவமையாக்கும் திருமறை வசனத்தைப் பலமுறை ஓதியிருக்கிறேன். அன்றுதான் அவ்வுவமையை உடலால் உணர்ந்தேன்.

விடியுமுன் மைத்துனரே அவரை அழைத்துவிட்டார். வந்தவர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. உயிர்வளி அளித்தார், நான் தெளிந்தபின் கட்டிலருகே அமர்ந்து விளக்கினார்.

காற்றில் உயிர்வளியின் பங்கு எந்த மலையிலும் 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். அதனால் லேயில் ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயிர்வளி குறைகிறது. அடுப்புக்குக் காற்றுப் போல, உண்ட உணவு ஆற்றலாக மாற உயிர்வளி வேண்டும். அது போதிய அளவு கிடைத்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து உயிரணு ஏறத்தாழ 30 ஏடிபி ஆற்றல் மூலக்கூறுகளைப் பெறும். அறவே இல்லையெனில் இரண்டே இரண்டு.

உடல் இதற்கு நிதானமாக வழி தேடுகிறது. முதலில் மூச்சு விரைகிறது. அதனால் இரத்தத்தில் மிகும் காரத்தன்மையைச் சிறுநீரகங்கள் சில நாட்களில் சரிசெய்கின்றன. அவையே எரித்ரோபொய்ட்டின் என்னும் இயக்குநீரைச் சுரந்து சிவப்பணுக்களைப் பெருக்கத் தூண்டுகின்றன. அதன் முழுப்பயன் கிட்ட வாரங்களாகும். கொழுப்பைவிட மாவுச்சத்து, அதே அளவு உயிர்வளிக்குக் கூடுதல் ஆற்றல் தருகிறது. உயிரணுக்கள் இக்குறையை உணரும் முறையைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமன்சா ஆகிய மூவர்க்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

"நோய் முற்றினால் உடனே கீழே இறங்குவதே முதல் மருந்து, ஐயா. வலியை மறைப்பவர்களைத்தான் நாங்கள் இழக்கிறோம்" என்று முடித்தார். கஞ்சியும் ஓய்வுமாக இரண்டு நாள் கிடந்து எழுந்தேன்.

கல்லூரி திறந்தது. பாடத்தின் நடுவே "புரிந்ததா?" என்று கேட்டேன். கடைசி வரிசை மாணவர் ஒருவர் தலைகுனிந்து, "ஒன்றுமில்லை, ஐயா" என்றார். முன்பாயின் மேலே சென்றிருப்பேன். அன்று புத்தகத்தை மூடிவிட்டு அவரருகே சென்று அமர்ந்தேன்.