எங்கள் வீட்டுக் காலண்டர்

'இந்த வருஷமாவது...' என்று ஜனவரி முதல் தேதி காலையில் மனசுக்குள் சொல்லிக்கொள்ளாத பெண்கள் நம்மில் யாராவது உண்டா? நானும் வருஷா வருஷம் சொல்லிக்கொள்கிறவள்தான்.

எங்கள் ஊர் சிவகாசி. மற்ற ஊர்களில் அடுத்த வருஷம் ஜனவரியில் பிறக்கும். இங்கே ஆடி மாசமே பிறந்துவிடும்! ஆடிப் பெருக்கு அன்று பூஜை போட்டு, அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். அதற்குப் பிறகு ஆர்டர் குவிய ஆரம்பித்தால், மார்கழி முடியும்வரை அச்சாபீஸ்களில் ராத்திரி பகல் கிடையாது. என் கணவர் அப்படி ஓர் அச்சாபீஸில் பைண்டிங் பகுதியில் 20 வருஷத்துக்கு மேலாக வேலை பார்க்கிறார். "ஊருக்கெல்லாம் தேதி கட்டிக் கொடுக்கறீங்க, நம்ம வீட்டுக்கு ஒரு தேதி கிடைக்க மாட்டேங்குதே" என்று நான் கேலி செய்வேன். அவர் சிரித்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

2022 கார்த்திகையில் எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனையில் 8.2 என்று வந்தது. அந்தக் கணக்கில் 6.5 தொட்டாலே சர்க்கரை நோய்தானாம். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரம்மா, "மாத்திரை மட்டும் போதாது, தினம் நடக்கணும்" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

ஆகவே 2023 ஜனவரி முதல் தேதி, கிழித்த தேதித் தாளின் பின்பக்கத்தில் மூன்று காரியங்களை எழுதினேன். ஒன்று, தினமும் காலை 5 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நடப்பது. இரண்டு, ஸ்கூட்டர் ஓட்டப் பழகுவது. மூன்று, மாசத்துக்கு இரண்டு தடவையாவது அப்பாவைப் போய்ப் பார்ப்பது. மடித்து அஞ்சறைப் பெட்டிக்குக் கீழே வைத்தேன்.

நடை 9 நாள் நடந்தது. பொங்கலுக்கு நாத்தனார் குடும்பம் வந்ததும் நின்றது. ஸ்கூட்டர், 'பரீட்சை முடியட்டும்' என்று தள்ளிப்போனது. மகள் அப்போது பிளஸ் ஒன், மகன் எட்டாம் வகுப்பு. பரீட்சை முடிந்தால் பங்குனிப் பொங்கல், சித்திரைப் பொங்கல், விருந்தாளிகள். அப்புறம் பள்ளிக்கூடம் திறப்பு, நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடுவது, அத்தைக்கு மூட்டு வலி. ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். அதுதான் இதில் உள்ள சங்கடமே. வீண் காரணமாக இருந்தால் நம் மனசே குத்திக் காட்டிவிடும்.

அப்பா இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். தூரம் என்று சொன்னால் சிரிப்பீர்கள், 20 கிலோமீட்டர்தான். பஸ்ஸுக்கும் பஞ்சமில்லை. அம்மா 2019-ல் போன பிறகு அப்பா தனியாகத்தான் இருக்கிறார். பலசரக்குக் கடையில் கணக்கு எழுதியவர். தம்பி திருப்பூரில் வேலை பார்க்கிறான். "எங்க வீட்டுக்கு வந்துடுங்கப்பா" என்றால், "மக வீட்டுல எத்தனை நாளைக்குத் தாயி இருக்க முடியும்?" என்பார். தினமும் ராத்திரி போன் போடுவேன். "சாப்பிட்டீங்களாப்பா?" "ஆச்சு." "மாத்திரை போட்டீங்களா?" "ஆச்சும்மா." அத்தோடு என் மனசு சமாதானமாகிவிடும்.

அந்த வருஷம் ஆடிப் பூரத் தேருக்குத்தான் போனேன். ஆல்ப வேலை மும்முரத்தில் கணவரால் வர முடியவில்லை. பிள்ளைகளை மட்டும் அழைத்துக்கொண்டு போய், தேர் பார்த்துவிட்டு அப்பா வீட்டுக்குள் நுழைந்தேன். சுவரில் தினசரி காலண்டர். என் கணவர் கொண்டுபோய் மாட்டிய காலண்டர் அது. அதில் ஜூன் 11 என்று இருந்தது.

நான் கடைசியாக வந்துபோன நாள் அது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல் நாள். அதற்கப்புறம் 41 நாளாக அந்தக் காலண்டரில் ஒரு தாளும் கிழிபடவில்லை.

அப்பாவின் பழக்கம் எனக்குத் தெரியும். காலையில் குளித்து, திருநீறு பூசி, தாளைக் கிழித்துவிட்டுத்தான் ரத்த அழுத்த மாத்திரையைப் போடுவார். தாள் கிழித்தாயிற்று என்றால் மாத்திரையும் போட்டாயிற்று என்பது அவர் கணக்கு.

"என்னப்பா இது?"

"தாளெல்லாம் புகை மூட்டமா தெரியுதும்மா. ஒரு நாள் ரெண்டு தாளு சேந்து வந்துடுச்சோன்னு சந்தேகம். எடுத்து ஒட்டி வெச்சேன். அப்புறம் இன்னைக்கு என்ன தேதின்னு யாரைப் போய்க் கேக்கிறது? நீ வந்தா சரி பண்ணிக்கலாம்னு விட்டுட்டேன்."

ஓடிப்போய் மாத்திரை டப்பாவைத் திறந்தேன். நான் வாங்கி வைத்தது 60. அதில் 41 தீர்ந்திருக்க வேண்டும். தீர்ந்திருந்தது 16 தான். ஞாபகம் வந்த நாளில் போட்டிருக்கிறார், மற்ற நாளில் இல்லை. "தலை கொஞ்சம் கிறுகிறுங்குது, வெயில்னு நெனச்சேன்" என்றார். உடனே பக்கத்தில் இருந்த டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். ரத்த அழுத்தம் 190/110. "நல்ல வேளை, இன்னைக்கே கூட்டிட்டு வந்தீங்க. இந்த மாத்திரையை விட்டு விட்டுப் போடக் கூடாது. பக்கவாதத்துல கொண்டுபோய் விட்டுடும்" என்றார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது என்றும் சொன்னார்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து அழுதேன். போனில் 41 நாளும் பேசியிருக்கிறேன். ஆனால் அந்தச் சுவரை என் கண்ணால் பார்க்கவில்லையே! என் கணவர் வரும்போது மணி 11. சோறு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். "போகணும் போகணும்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நெனச்சா வேலை நடக்குமா? எங்க ஆபீஸ்ல 'டிசம்பருக்குள்ள முடிக்கணும்'னு சொன்னா ஒண்ணும் முடியாது. லாரி என்னைக்குக் கிளம்பணும்னு முதல்ல தேதி போடுவோம். அதிலேர்ந்து பின்னாடி எண்ணி, பைண்டிங் இந்தத் தேதி, கட்டிங் இந்தத் தேதி, அச்சு இந்தத் தேதின்னு எழுதி சுவத்துல ஒட்டிருவோம். நீ எழுதினதுல தேதி எங்க இருக்கு?"

அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். மூன்று காரியம் இருந்தது. தேதி ஒன்றுகூட இல்லை.

மறுநாள் அவர், பெரிய பெரிய கட்டம் போட்ட மாதக் காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். மேலே படம் சற்றே நிறம் மாறி அச்சாகிக் கழித்துப் போட்டது. சாமி படமாக இல்லாததால் எழுத எனக்குத் தயக்கமில்லை. பால் கணக்கும் காஸ் சிலிண்டரும் எழுதுகிற மாதிரி, ஒவ்வொரு மாசமும் இரண்டாவது வெள்ளி, நாலாவது வெள்ளிக் கட்டத்தில் 'அப்பா' என்று எழுதினேன். அன்றைக்கு யார் விருந்துக்கு வந்தாலும் காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். என்னால் முடியாவிட்டால் மகனோ மகளோ போக வேண்டும். நாளை மட்டும் மாற்றக் கூடாது என்று வீட்டில் எல்லோருமாகப் பேசி வைத்துக்கொண்டோம். அந்தத் தீபாவளிச் சமயம் எனக்குக் காய்ச்சல். மகன்தான் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்துவிட்டு வந்தான். அவன் எண்ணிய அழகை அப்பா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

என் அத்தையும் சும்மா சொல்லக் கூடாது. "நீ போயிட்டு வாம்மா. ஒரு நாள் ரசம் வெச்சா நான் கரைஞ்சு போயிட மாட்டேன்" என்றார்.

நடைக்கும் வழி பிறந்தது. ஒரு மணி நேரம் என்று மலையைத் தூக்கப் பார்த்ததுதான் என் தப்பு. வாரத்துக்கு 150 நிமிஷம், அதாவது ஒரு நாளைக்கு 30 நிமிஷமாக 5 நாள் வேகமாக நடந்தால் போதும் என்று டாக்டரம்மா கணக்குச் சொன்னார். அதையும் மூன்று பத்தாகப் பிரிக்கலாம், சாப்பிட்ட பிறகு நடந்தால் சர்க்கரை சட்டென்று ஏறாது என்றார். காலையில் பத்து நிமிஷம் தெருவில். மதியம் பத்து நிமிஷம் வீட்டுக்குள். ராத்திரி பத்து நிமிஷம் மொட்டை மாடியில்.

அந்த ராத்திரி நடைக்கு மகளும் கூட வர ஆரம்பித்தாள். எதிரே உட்கார வைத்து, "அடுத்து என்ன படிக்கப் போறே?" என்று கேட்டால் வாயைத் திறக்காத பெண், இருட்டில் பக்கத்தில் நடக்கும்போது தானாகவே பேசினாள். "எனக்கு பி.காம். தாம்மா படிக்கணும். அப்பா வருத்தப்படுவாங்களோன்னு பயமா இருக்கு." இதை எத்தனை மாசமாக மனசில் வைத்திருந்தாளோ! இப்போது பி.காம். தான் படிக்கிறாள். அவள் அப்பாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஒரு நாள் மகன் காலண்டர் முன் நின்று படித்துக்கொண்டிருந்தான். "பால், காஸ், தாத்தா, சர்க்கரை டெஸ்ட், அக்கா பீஸ்... ஏம்மா, இதுல நான் எங்கே இருக்கேன்?" விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. "உனக்கு என்னடா வேணும்?" என்றேன். "அப்பாவோட ஒரு ஆட்டம் கேரம்" என்றான்.

சீசனில் என் கணவருக்குக் கிடைப்பது ஞாயிறு மதியம் மட்டும்தான். அதுவும் தூங்கித் தீர்ந்துவிடும். அந்த மதியச் சாப்பாட்டை எல்லோரும் சேர்ந்து தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது, செல்போன் எல்லாம் பிரிட்ஜ் மேலே, பிறகு ஒரே ஓர் ஆட்டம் கேரம், அப்புறம் அவர் தூங்கலாம் என்று கட்டத்தில் எழுதினோம். மொத்தம் ஒன்றரை மணி நேரம். ஆடி முதல் மார்கழிவரை அதற்கு மேல் நான் எதிர்பார்ப்பதில்லை. முன்பெல்லாம் எதிர்பார்த்துச் சண்டை போடுவேன். எல்லா மாசத்தையும் ஒரே படியால் அளக்கக் கூடாது என்பது எனக்கு 40 வயசுக்கு மேல்தான் புரிந்தது. தை பிறந்தால் அவர் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுவார். வெளியூர், குலதெய்வம், சொந்தக்காரர் வீடு எல்லாம் அதற்கு மேல்தான்.

ஸ்கூட்டரையும் அந்தத் தைக்குத்தான் ஒதுக்கினேன். 2024 தையில் பழகுநர் உரிமம் எடுத்தேன். அது 6 மாசம்தான் செல்லும். 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டி நிரந்தர உரிமம் வாங்கலாம். தேதி போட்ட காரியம் ஆயிற்றே, தள்ளிப்போட முடியுமா? மைதானத்தில் இவர் வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவர, இரண்டு தடவை விழுந்து, முழங்கை சிராய்த்து, மாசி முடிவதற்குள் ஓட்டிவிட்டேன். இப்போது அத்தையை மூட்டு வலி வைத்தியத்துக்கு நானே அழைத்துப் போகிறேன்.

அப்பாவுக்கு 2023 செப்டம்பரில் ஒரு கண்ணுக்கும், சில மாசம் கழித்து மறு கண்ணுக்கும் மதுரையில் புரை ஆபரேஷன் ஆனது. சொட்டு மருந்து விட வேண்டிய வாரங்களில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். 'மகள் வீடு' என்ற பேச்சையே அப்போது எடுக்கவில்லை. மாத்திரைக்கு இப்போது ஏழு அறை வைத்த டப்பா வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒழுங்காகப் போடுவதால் ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே நிற்கிறது. ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைத்ததில்தான் அவருக்கு என் மேல் கோபம். எனக்கு 2024 சித்திரையில் எடுத்த பரிசோதனையில் 6.9. மூன்று மாசத்துக்கு ஒரு தடவை அதற்கும் ஒரு கட்டம் உண்டு.

எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் பெருமையடிக்க மாட்டேன். தப்பிய நாட்களும் உண்டு. போன மாசம்கூட நாலு நாள் நடக்கவில்லை. ஆனால் கட்டம் காலியாக இருப்பது கண்ணில் பட்டுவிடுகிறதே! 41 நாள் தெரியாமல் போகாது.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக் காலண்டரையும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். அதில் பால்காரர் இருப்பார், சீட்டுப் பணம் இருக்கும், கல்யாண முகூர்த்தம் இருக்கும். பெற்றவர்களும் பிள்ளைகளும் நீங்களும் இருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இன்றைக்கே ஒரு கட்டத்தில் எழுதிவிடுங்கள். ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம்.

நாளைக்கு எனக்கு நாலாவது வெள்ளி. அப்பா சாத்தூர் சேவு கேட்டிருக்கிறார். உப்பு என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். என்றாலும் நூறு கிராம் மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.