நூறு பேர் கேட்கும் அறை

சுயாதீன இசைக்கலைஞர் என்று இன்று அழைக்கப்படுபவர், பெரிய இசைத்தட்டு நிறுவனம் எதனோடும் ஒப்பந்தம் செய்துகொள்ளாமல், தம் பாடல்களைத் தாமே எழுதி, தம் செலவிலேயே பதிவுசெய்து, ஊர் ஊராகச் சென்று பாடி வாழ்பவர். அவரைத் தாங்கி நிறுத்துவது எது என்று கேட்டால், பதிவுகளின் விற்பனை என்றோ இணையத்தில் கேட்போரின் எண்ணிக்கை என்றோ விடை வருவது வழக்கம். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரண்டிருக்கும் அனுபவம் வேறு விடையைத் தருகிறது. நூறு பேர் உட்காரக்கூடிய ஓர் அறையும், அது அடுத்த ஆண்டும் திறந்திருக்கும் என்ற உறுதியும், அதைத் தம்முடையதாகக் கருதும் ஊராருமே அத்தகைய கலைஞரை நிலைநிறுத்துகின்றனர். காபிக் கடை அரங்கு என்ற பெயரில் அங்கே வளர்ந்த இந்த ஏற்பாடு பொழுதுபோக்கு வரலாற்றின் ஓரத்தில் வைத்துப் பார்க்கத்தக்கதன்று. ஒரு சமூகம் தன் கலைஞர்களிடம் எப்படி நடந்துகொள்ளலாம் என்பதற்கு அது உயிருள்ள சான்று.

காபிக் கடை அரங்கு என்பது, பெரும்பாலும் மது விற்காமல், காபியும் தேநீரும் வீட்டில் சுட்ட கேக்கும் மட்டும் பரிமாறி, சிறு மேடையில் ஒருவரோ இருவரோ கிட்டாருடன் அமர்ந்து பாட, வந்தவர்கள் பேசாமல் கேட்கும் இடமாகும். மதுக்கூடத்திலும் இசை உண்டு. ஆனால் அங்கே இசை, மது விற்பதற்குத் துணையாக வைக்கப்பட்ட சரக்கு என்பதால், கூட்டம் எவ்வளவு நேரம் பாடலைக் கேட்டது என்பதைக் காட்டிலும் எவ்வளவு குடித்தது என்பதே பாடகரை மறுமுறை அழைப்பதைத் தீர்மானிக்கிறது. ஏழு நிமிடம் நீளும் ஒரு கதைப்பாடலின் கடைசி அடியில்தான் அதன் பொருள் திறக்கும் என்றால், அந்த அடி காதில் விழாத இடத்தில் அப்பாடலை எழுதியவருக்கு வேலையே இல்லை. தனிப்பாடகர்களும் பாடலாசிரியர்களும் காபிக் கடையை நாடியதற்கு முதற் காரணம் பணமன்று, இந்த மௌனமே எனலாம்.

மௌனமும் தானாக வந்துவிடுவதில்லை. நியூயார்க் மாநிலத்தின் சரடோகா ஸ்பிரிங்ஸ் நகரில் உள்ள கஃபே லீனா என்னும் அரங்கில் 1961ஆம் ஆண்டு, அப்போது பெயர் தெரியாத இளைஞராக இருந்த பாப் டிலன் பாடியபோது, கூட்டம் அவரைப் பொருட்படுத்தாமல் பேசிக்கொண்டிருந்ததாகவும், கடைக்காரரே மேடையேறி அவர்களைக் கண்டித்ததாகவும் அந்த அரங்கைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுகின்றனர். பிற்காலத்தில் டிலன் அடைந்த புகழை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் அச்செய்கையின் மதிப்பு குறைவதில்லை. காசு கொடுத்து வந்தவர்களின் மனத்தாங்கலைப் பொருட்படுத்தாமல், யாரென்றே தெரியாத ஒரு பாடகருக்காக ஒரு கடைக்காரர் நின்றார்; அப்படி நிற்க ஆள் இருப்பதே இத்தகைய இடங்களின் இயல்பு.

கஃபே லீனாவின் தொடக்கம் பெரிய கனவு எதையும் சார்ந்ததன்று. பில் ஸ்பென்சரும் அவர் மனைவி லீனா ஸ்பென்சரும் 1960 மே மாதம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் அதைத் திறந்தபோது, சில காலம் நடத்திப் பணம் சேர்த்துக்கொண்டு வெளிநாடு சென்று வாழ்வதே அவர்களுடைய திட்டமாக இருந்தது. நியூயார்க் நகரின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் அப்போது நாட்டுப்புற இசை மறுமலர்ச்சி, அதாவது உழைப்பாளர் பாடல்களையும் கிராமியக் கதைப்பாடல்களையும் நகரத்து இளைஞர்கள் தேடிப் பயின்ற இயக்கம், உச்சத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. குதிரைப் பந்தயத்துக்கும் கனிம நீரூற்றுகளுக்கும் பெயர்போன ஒரு சிறு நகரில் கல்லூரி மாணவர்களை நம்பி அதே வகைக் கடையைத் திறந்தால் எடுபடும் என்று அவ்விருவரும் எண்ணினர். இரண்டாண்டில் பில் விலகிச் சென்றுவிட, லீனா தனியே நடத்தத் தொடங்கி, 1989இல் இறக்கும்வரை அதைக் கைவிடவில்லை.

அந்த ஏறத்தாழ முப்பதாண்டுக் காலத்தில் அவர் செய்ததை விருந்தோம்பல் என்ற சொல்லே சரியாகக் குறிக்கும். வரும் பாடகருக்கு உணவும் படுக்கையும் ஏற்பாடு செய்வது, கூட்டம் வராத இரவிலும் பேசிய தொகையைக் கொடுக்க முயல்வது, பெயர் பெறாதவரை மறு ஆண்டும் அழைப்பது ஆகியவை அவருடைய வழக்கங்களாயின. யூட்டா மாநில அரசின் ஆவணக் காப்பகத்தில் பணியாற்றியவரும், 1968இல் ஒரு சிறு கட்சியின் சார்பில் தேர்தலில் நின்றதையடுத்து வேலையை இழந்தவருமான யூட்டா ஃபிலிப்ஸ், தம் ஊரை விட்டு வந்து இங்கேதான் நிலைகொண்டார். தொழிலாளர் இயக்கப் பாடல்களையும் நாடோடிகளின் கதைகளையும் சொல்லும் கலைஞராக அவர் பின்னாளில் அடைந்த பெயருக்கு, ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் பாடக் கிடைத்த அந்த மேடை அடித்தளமாயிற்று. ஒரு கலைஞர் பண்படுவதற்கு ஒரே ஒரு வெற்றி நிகழ்ச்சி போதாது. தவறிய பாடலைத் திருத்திக்கொண்டு வந்து, முன்பு கேட்ட அதே மனிதர்களுக்கே மறுபடியும் பாடிக்காட்டும் வாய்ப்பு வேண்டும். பெரிய அரங்குகளால் இவ்வாய்ப்பைக் கொடுக்க இயலாது, ஏனெனில் அங்கே ஒவ்வோர் இரவும் முழுமையாக விற்றாக வேண்டும்.

ஆனால் இந்த வரலாற்றைப் புகழ்ந்து மட்டும் எழுதுவது லீனாவுக்குச் செய்யும் நியாயமாகாது. அவர் பெரும்பாலும் கடனிலேயே வாழ்ந்தார். அவருடைய நிலுவைகளைத் தீர்க்க, அவர் வளர்த்த பாடகர்களே உதவிக் கச்சேரி நடத்த வேண்டியிருந்தது. இறுதியில் தம் கடையின் படிக்கட்டில் விழுந்து அடிபட்டே அவர் இறந்தார். ஒரு தனிமனிதரின் தியாகத்தின் மேல் கட்டப்பட்ட கலைக்கூடம் அத்தியாகத்தைக் கொண்டாடும் வேகத்தில் அதற்குரிய விலையை மறந்துவிடுவது எல்லா ஊர்களிலும் நடப்பதுதான். சரடோகா ஸ்பிரிங்ஸ் ஊரார் மறக்கவில்லை. அவருடைய மறைவுக்குப் பின் அந்த அரங்கு லாப நோக்கற்ற அமைப்பாக, அதாவது யாருக்கும் பங்கு லாபம் பிரித்துக் கொடுக்காமல் ஒரு நிர்வாகக் குழுவின் பொறுப்பில் இயங்கி, வரும் உபரியை அப்பணிக்கே திருப்பிச் செலவிடும் நிறுவனமாகத் தொடர்ந்தது. 2016இல் கட்டடம் பெருமளவில் புதுப்பிக்கப்பட்டு, மின்தூக்கி வைக்கப்பட்டு, சுமார் 110 இருக்கைகளுடன் மீண்டும் திறக்கப்பட்டது. நன்கொடை திரட்டி இவ்வளவு செய்தவர்கள் அதே வேகத்தில் முந்நூறு இருக்கை அரங்காகவும் அதை மாற்றியிருக்க முடியும். அவர்கள் அப்படிச் செய்யாததைச் சரியான முடிவென்றே கொள்ள வேண்டும்.

அளவு சிறிதாக இருப்பதில் ஒரு கணக்கு அடங்கியிருக்கிறது. நூறு இருக்கை உள்ள அறையில் எழுபது நிறைந்து, ஒரு சீட்டின் விலை இருபது டாலர் என்று கொண்டால், அன்றைய வசூல் 1,400 டாலர் ஆகும். வசூலில் விழுக்காட்டுப் பங்கு என்ற முறையில், அரங்கின் செலவு போக மீதத்தில் பெரும்பகுதி பாடகருக்குச் செல்லும். உறுதித்தொகை என்ற மற்றொரு முறையில், கூட்டம் எவ்வளவாக இருந்தாலும் முன்னரே பேசிய குறைந்த அளவுத் தொகை கொடுக்கப்படும். பழைய கிரீன்விச் வில்லேஜ் கடைகளில் கூடையைச் சுற்றிவிட்டு விழுந்த சில்லறையைப் பாடகருக்குக் கொடுத்த வழக்கத்தோடு ஒப்பிட்டால் இவ்விரண்டும் பெரிய முன்னேற்றம். எழுபது பேரிடமிருந்து ஓர் இரவில் கிடைக்கும் இத்தொகையை இணையத்தின் வழியாக ஈட்டுவதற்கு லட்சக்கணக்கான முறை அப்பாடல் கேட்கப்பட வேண்டும், ஏனெனில் ஒரு முறை கேட்பதற்குக் கிடைப்பது ஒரு சென்ட்டின் சிறு பகுதியே. 2024 முதல் ஸ்பாட்டிஃபை நிறுவனம், பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு உரிமைத்தொகை எதுவும் கிடையாது என்று விதித்திருப்பதால், புதியவர்களுக்கு அந்த வழி இன்னும் குறுகியிருக்கிறது.

நிகழ்ச்சி முடிந்ததும் வாசலருகே விரிக்கப்படும் மடக்கு மேசையையும் இங்கே கருத வேண்டும். குறுந்தகடுகளையும் துணிப்பைகளையும் பரப்பி வைத்து, கையில் பேனாவோடு பாடகரே அதன் பின்னால் நிற்கிறார். கேட்டவர் ஒருவர் அருகே வந்து, மூன்றாவதாகப் பாடிய பாட்டு இதில் இருக்கிறதா என்று கேட்டு, பதினைந்து டாலரை அவர் கையிலேயே கொடுக்கிறார். இடையில் யாரும் இல்லாத இந்த விற்பனையில் கிடைக்கும் பணம், அடுத்த ஊருக்குப் போகும் காரின் பெட்ரோலுக்கும் அன்றிரவின் சாப்பாட்டுக்கும் உடனே ஆகிறது. அத்துடன் அந்த மேசையருகே தன் மின்னஞ்சல் முகவரியை ஒரு தாளில் எழுதிவிட்டுப் போகும் கேட்பவர், அடுத்த முறை இரண்டு நண்பர்களையும் அழைத்துக்கொண்டு வருகிறார்.

வரவின் பக்கம் இவ்வாறிருக்க, செலவின் பக்கத்தில் வெளியார் அறியாத ஒன்று உண்டு. பொது இடத்தில் ஒரு பாடலைப் பாடுவதற்கு, அதை எழுதியவருக்கான உரிமைத்தொகையை இடத்தை நடத்துபவர் செலுத்த வேண்டும் என்பது பதிப்புரிமைச் சட்டம். அதை வசூலிக்க 1914இல் தொடங்கிய ஆஸ்காப், 1939இல் தொடங்கிய பிஎம்ஐ முதலிய அமைப்புகள் ஆண்டு உரிமம் வழங்குகின்றன. பாடலாசிரியருக்குப் பணம் சேரவேண்டும் என்ற கொள்கையை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் வாரம் ஒரு நாள் மாலையில் ஒரு மூலையில் பாட இடம் கொடுத்த சாதாரணக் காபிக் கடைக்காரர், அங்கே பாடப்படுவதெல்லாம் பாடுபவரின் சொந்தப் பாடல்களே என்று எண்ணியிருந்த நிலையில், எவராவது வேறொருவரின் பாட்டை ஒரு முறை எடுத்துப் பாடிவிடக்கூடும் என்பதற்காகப் பல அமைப்புகளுக்கும் உரிமக் கட்டணம் கட்டவேண்டி வரும்போது, இசையையே நிறுத்திவிடுகிறார். வணிகத்தோடு இணைப்பாக நடந்த சிறு மேடைகள் மறைந்து, இசைக்கென்றே ஊரார் கூடி நடத்தும் அரங்குகள் எஞ்சியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படி எஞ்சியவற்றுள் தேவாலய மண்டபக் காபிக் கடைகளுக்குத் தனியிடம் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கடலோர ஊரான மார்பிள்ஹெட்டில், யூனிடேரியன் தேவாலயம் ஒன்றில் 1970 முதல் நடந்துவரும் மீ அண்ட் தீ காபிக் கடை முழுவதும் தன்னார்வலர்களின் உழைப்பில் இயங்குகிறது. இத்தகைய இடங்களில் நிரந்தர மேடை இருப்பதில்லை. நிகழ்ச்சி நாளன்று மாலையில் சிலர் வந்து நாற்காலிகளை வரிசையாக இட்டு, மின்கம்பிகளைத் தரையோடு ஒட்டி, ஒலிபெருக்கியைச் சரிபார்த்து, பெரிய பாத்திரத்தில் காபி போட்டு, தாங்கள் சுட்டுவந்த கேக்கைத் துண்டுபோட்டு வைத்து, சீட்டு கொடுக்கும் மேசையில் உட்காருகிறார்கள். இரவு பத்தரை மணிக்கு மேல் இவை அனைத்தையும் அவர்களே மறுபடி எடுத்து அடுக்க வேண்டும், ஏனெனில் மறுநாள் அந்த மண்டபம் வேறொரு காரியத்துக்கு வேண்டும். கூலி கொடுத்துச் செய்வித்தால் இந்த வேலைகளே வசூலின் பாதியை விழுங்கிவிடும். கலைஞருக்குச் செய்யும் உதவி என்றால் நன்கொடைச் சீட்டு மட்டுமே நினைவுக்கு வருகிறது. நாற்காலி தூக்குபவரின் கைங்கரியம் அதைவிடப் பெரிது, காசோலையைப் போல எங்கும் பதிவாகாமல் போவதால் அதைச் சொல்லியாக வேண்டும்.

இந்த உழைப்புக்கும் ஓர் எல்லை இருக்கிறது. 1960களின் இயக்கத்தில் வளர்ந்தவர்களே பல இடங்களில் இன்னும் நாற்காலி இடுகிறார்கள், அவர்களுக்கு வயதாகிவிட்டது. கேட்பவர் கூட்டமும் அவர்களோடு சேர்ந்தே முதிர்கிறது. வந்து பாட விரும்பும் இளைஞர்கள் குறைவில்லாமல் இருக்க, கதவைத் திறந்து விளக்கேற்ற ஆள் குறைகிறது என்பது இவ்வரங்குகளின் உண்மையான நெருக்கடி. கஃபே லீனா நடத்தும் ஓபன் மைக் இரவு, அதாவது பெயர் கொடுத்த எவரும் முறைப்படி ஏறி ஓரிரு பாட்டுப் பாடலாம் என்ற திறந்த மேடை, இதற்கு ஓரளவு மருந்தாகிறது. பாட வருபவர் அன்று மற்றவர் பாடுவதையும் இருந்து கேட்டாக வேண்டும், அப்படி இருந்து கேட்டவர்களுள் சிலர் நாளடைவில் வாசல் மேசையில் உட்காரும் அளவுக்கு அந்த இடத்தோடு ஒன்றிவிடுகிறார்கள்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள பாசிம் அரங்கு, கலைஞரைத் தாங்கி நிறுத்துவது ஊராரின் அறையே என்ற சிந்தனையை இன்னும் ஒரு படி கொண்டு சென்றுள்ளது. 1958இல் கிளப் 47 என்ற பெயரில் தொடங்கி, பதின்வயதிலிருந்த பாடகி ஜோன் பயேஸ் பாடிப் பழகிய இடமாகி, 1968இல் மூடி, மறு ஆண்டே பாசிம் என்ற பெயரில் புத்துயிர் பெற்று, 1990களின் நடுவில் லாப நோக்கற்ற அமைப்பாக மாறிய அந்த இடம், தன் மேடையில் பாடும் இரவுக்கு மட்டும் பணம் கொடுப்பதோடு நிற்கவில்லை. இகுவானா இசை நிதி என்ற பெயரில், பதிவுச் செலவு போன்ற தேவைகளுக்காகக் கலைஞர்களுக்கு நேரடியாக மானியம் வழங்குகிறது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் எல்லா மேடைகளும் ஒரே வாரத்தில் அடைபட்டபோது, தன் வாயிலும் அடைபட்டிருந்த அந்த அரங்கே கலைஞர்களுக்கான அவசர உதவி நிதி ஒன்றைத் திறந்தது. அரசின் உதவி, மூடிய அரங்குகளுக்கு 1,500 கோடி டாலர் ஒதுக்கிய சட்டமாக, அவ்வாண்டு டிசம்பர் இறுதியில்தான் வந்தது. பணம் கைக்கு வர மேலும் பல மாதங்கள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் வாடகை கட்ட வழியற்றிருந்த பாடகருக்கு முதலில் நீண்டவை, பல ஆண்டுகளாக அவர் பாட்டைக் கேட்டுப் பழகிய அறையின் கைகளே. அந்த நிதிக்குக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அவருடைய பதிவை வாங்கியவர்களாக மட்டும் இருந்திருந்தால் அவ்வளவு விரைவில் அது நடந்திருக்காது. மேடையிலிருந்து பத்தடி தூரத்தில் உட்கார்ந்து அவர் பாடியதைக் கேட்டவர்களுக்கு, அவர் இப்போது எப்படிச் சாப்பிடுகிறார் என்ற கேள்வியை எவரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.