யாருடைய புத்தகம்?

தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்த நம்மில் பலருக்கு ஆங்கில வகுப்பு என்றாலே நா எழாது. எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஊருக்குப் போனால், "தம்பி, இதைப் படிச்சுச் சொல்லுப்பா" என்று வங்கிக் கடிதத்தை நீட்டுவார்கள். அவர்கள் முன் விழிக்கக் கூடாதே என்பதே என் கவலை.

அன்று வகுப்பில் உடைமைப் பெயர்கள் பற்றிய பாடம். பெயர்ச்சொல்லின் பின் 'எஸ்' சேரும். அதற்கு முன்னால், காற்புள்ளியைத் தூக்கி மேலே வைத்தாற்போல் ஒரு குறி வரும். அதுவே அப்பாஸ்ட்ரபி. 'எஸ்'ஸில் முடியும் பன்மைச் சொல்லாயின் குறி மட்டும் கடைசியில் நிற்கும்.

"விடுதிப் பலகையில் 'பாய்ஸ்' என்று எழுதும்போது குறியை 'எஸ்'ஸுக்கு முன்னால் வைத்துவிட்டால், விடுதி முழுவதும் ஒரே பையனுக்குச் சொந்தமாகிவிடும்!" என்றார் பேராசிரியர். வகுப்பே சிரித்தது.

"அப்படியானால் 'அதனுடைய' என்னும் பொருளில் வரும் 'இட்ஸ்' என்பதற்கு ஏன் சார் குறி இல்லை?" என்று கேட்டான் நண்பன்.

"'நானின் புத்தகம்' என்று சொல்வாயா?"

"இல்லை சார், 'என் புத்தகம்'."

அவ்வளவுதான், கதவு திறந்தது! 'நான்' என்பது 'என்' ஆகிறது. 'நீ' என்பது 'உன்' ஆகிறது. உருபு இல்லாமலே உடைமை விளங்குகிறது. ஆங்கிலத்திலும் 'ஐ' என்பது 'மை' ஆகிறது. 'ஹீ' என்பது 'ஹிஸ்' ஆகிறது. பிரதிப்பெயர் தானே உருமாறி உடைமையைக் காட்டுவதால் குறி வேண்டியதில்லை. 'இட்ஸ்' என்பதும் இக்குடும்பமே. குறியிட்டால் அது 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' என்பதன் சுருக்கமாகிவிடும்.

இக்குடும்பத்தில் 'இட்ஸ்' இளைய பிள்ளை. 1611இல் அச்சான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் இச்சொல்லே கிடையாது. அஃறிணைக்கும் பெரும்பாலும் 'ஹிஸ்' என்றே எழுதினார்கள். ஆங்கிலேயரும் தம் இலக்கணத்தைச் சிறிது சிறிதாகத்தான் செப்பனிட்டிருக்கிறார்கள் என்று அறிந்தபோது என் அச்சம் பாதி அகன்றது.

ஆறாம் வேற்றுமையைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என நம் இலக்கணம் இரண்டாகப் பிரிக்கிறது. 'என் கை' என்பது தற்கிழமை. 'என் வீடு' என்பது பிறிதின்கிழமை. தாய்மொழி நமக்குக் கை போன்றது. ஆங்கிலமோ வீடு போன்றது. உழைத்துத்தான் கட்ட வேண்டும். ஆனால் கட்டி முடித்தபின் அதுவும் நம்முடையதே. அந்த வீட்டைக் கட்டுவதும் இந்தக் கைதானே, நண்பர்களே!