எருக்கஞ்செடியில் ஒரு பால்வெட்டு



பிள்ளைகளின் ஏட்டில் சிவப்பு மையால் பிழைக்குறி போடுவது ஆசிரியர்களுக்கு அன்றாட வேலை. போட்ட குறியை ஆசிரியரே அடித்துத் திருத்துவது அபூர்வம். அப்படி ஒரு முறை நான் திருத்த நேர்ந்ததை உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

ரெங்கத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்று ஆண்டுதோறும் பலகையில் நான்கு வட்டங்கள் போட்டுப் பாடம் நடத்துவேன். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் நான் வரைந்த படம்தான் இன்றும் வகுப்பில் தொங்குகிறது. அந்த நான்கு பருவங்களையும் ஒரே செடியில் நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சென்ற ஆண்டு பாடம் முடிந்ததும், 'புழு என்ன செய்யும்?' என்று எழுதச் சொன்னேன். எல்லாரும் 'இலை தின்னும்' என்று எழுதினார்கள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும், 'முதலில் பால் வெட்டும். பிறகு இலை தின்னும்' என்று எழுதியிருந்தாள். பாட்டியிடம் வளர்கிற பிள்ளை அவள். பாட்டி முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். வீட்டில் கேட்ட பேச்சை ஏட்டில் எழுதிவிட்டாள் என்று நினைத்து, பிழைக்குறி போட்டுவிட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு வகுப்பில் கை தூக்குவதை நிறுத்திவிட்டாள். அதையும் நான் அப்போது கவனிக்கவில்லை.

அந்தப் பாட்டியின் வீடு என் வீட்டுக்கு அடுத்த வீடு. பிள்ளையாருக்கு மாலை கட்டுவதற்காக வாசலோரம் எருக்கஞ்செடி வளர்க்கிறார். ஒரு சனிக்கிழமை காலை வேலியோரம் நின்று கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, எருக்கைப் புழு மொட்டையடிக்குது. பூச்சி மருந்து இருந்தா கொஞ்சம் குடுங்க."

மருந்துப் புட்டியோடு போனேன். செடியருகே குந்தியிருந்த பேத்தி என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். கையில் இருந்ததைப் பார்த்து முகம் வாடிவிட்டது.

"டீச்சர், கொஞ்சம் இருங்க. இப்ப வெட்டும், பாருங்க" என்றாள்.

நானும் குந்தினேன். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வளையங்கள் போட்ட ஒரு புழு. முதுகில் மூன்று இணைக் கருங்கொம்புகள். அது இலையின் நடு நரம்பை ஓரிடத்தில் கடித்தது. வெள்ளைப் பால் முத்தாகத் திரண்டு சொட்டியது. பால் வடிந்து இலை தொங்கியதும், வெட்டுக்கு அப்பால் நகர்ந்து போய் நுனிப் பக்கத்தை நிம்மதியாகத் தின்னத் தொடங்கியது.

எருக்கம்பால் பிசுபிசுப்பானது, புழுவின் வாயை ஒட்ட வைத்துவிடும். நரம்பை வெட்டினால் நுனிக்குப் பால் பாயாது. அதனால்தான் இந்த ஏற்பாடு. பாட்டியும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்: "ஆமா டீச்சரம்மா, நம்ம வேலையத்தான் செய்யுது. மங்குதான் இல்ல!"

மருந்துப் புட்டி வீட்டுக்குத் திரும்பியது. பூ பிள்ளையாருக்கு, இலை பூச்சிக்கு என்று பாட்டியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அன்று முதல் மூவரும் அந்தச் செடியைக் கவனித்தோம். இலைக்கு அடியில் ஊசிமுனை அளவு முட்டையைச் சிறுமி காட்டினாள். சில நாட்களில் அது பொரிந்தது. புழு இரண்டு வாரத்துக்குள் விரல் நீளம் வளர்ந்து, தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழு ஆயிற்று. இளம்பச்சை நிறம், அதில் பொட்டுப் பொட்டாகத் தங்க நிறப் புள்ளிகள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் கூடு கறுத்தது. உள்ளே மடங்கிய இறக்கையின் நிறம் தெரிந்தது. நான் கோப்பி கலக்கப் போய் வருவதற்குள் முதல் பூச்சி வெளியே வந்துவிட்டது! இரண்டாவதைத் தவறவிடவில்லை. கசங்கிய துணி போல இருந்த இறக்கைகள் எங்கள் கண்ணெதிரே விரிந்தன.

இதைத் தமிழகத்தில் 'வெந்தய வரியன்' என்கிறார்கள். வெந்தய நிறம், கறுப்பு ஓரம், அதில் வெள்ளைப் புள்ளிகள். எருக்கம்பாலின் நஞ்சு இதன் உடலில் தங்கிவிடுவதால், தின்று பார்த்த பறவை கக்கிவிட்டு மறுமுறை நெருங்காது. அந்தத் தைரியத்தில் இது மெதுவாகத்தான் பறக்கும். எனவே சாதாரணக் கைப்பேசியிலேயே படம் பிடிக்கலாம். காலை இளவெயிலில் இறக்கையை விரித்துக் காயும்போது போங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது. பூச்சியின் உயரத்துக்குக் குனிந்து, திரையில் அதன்மேல் விரலை வைத்துத் தெளிவாக்கிப் பிறகு எடுங்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை: எருக்கம்பால் கண்ணில் பட்டால் கெடுதல். பிள்ளைகள் கையைக் கழுவாமல் முகத்தைத் தொட விடாதீர்கள்.

இந்தப் பூச்சியின் நெருங்கிய உறவுதான் அமெரிக்காவின் புகழ்பெற்ற மோனார்க் வண்ணத்துப்பூச்சி. குளிர்காலம் வந்தால் கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கோடிக்கணக்கில் தெற்கே பறக்கும். சில 4,000 கிலோமீட்டர் வரைகூடச் செல்லும். அவை எங்கே போய்த் தங்குகின்றன என்று கனடா நாட்டுப் பேராசிரியர் பிரெட் அர்க்கார்ட் ஏறக்குறைய 40 ஆண்டுகள் தேடினார். மனைவி நோராவும் உடன் உழைத்தார். அவர்களுக்காகத் தேடிப் போன கென் புரூகரும், மெக்சிகோவில் பிறந்த கத்தலினா அகுவாடோவும் 1975 ஜனவரியில் மெக்சிகோ மலைக்காட்டில் அந்த இடத்தைக் கண்டார்கள். 1976 ஆகஸ்டில் நேஷனல் ஜியோகிராபிக் இதழில் வந்த பிறகு உலகமே வியந்தது. ஆனால் அந்த மலையடிவார மக்களுக்கு அது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த சங்கதி. அவர்களை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பிழைக்குறி நினைவுக்கு வந்தது. நானும் கேட்கவில்லையே!

திங்கட்கிழமை வகுப்பில் அவள் ஏட்டை வாங்கினேன். சிவப்புக் குறியை அடித்து, பக்கத்தில் 'சரி' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். "பிழை விட்டது டீச்சர்தான்" என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கச் சொன்னேன். கைப்பேசிப் படங்களைக் காட்டி அவளையே விளக்கச் சொன்னபோது, முதலில் மெல்லத்தான் பேசினாள். 'பால் வெட்டும்' படம் வந்ததும் குரல் கணீரென்று வந்தது.

நம்மைச் சுற்றி இன்று செம்பனைதான் அதிகம். பால்வெட்டு பல பிள்ளைகளுக்குப் பாட்டி சொல்லும் கதையாகிவிட்டது. ஆனால் அந்தக் கதை தெரிந்த கண்தான், என் பாடப் படத்தில் இல்லாததைக் கண்டுபிடித்தது. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஓடி வந்து 'நான் ஒன்று பார்த்தேன்' என்று சொன்னால், 'போய்ப் படி' என்று விரட்டாதீர்கள். ஐந்து நிமிடம் கூடப் போய்க் குந்திப் பாருங்கள்.

என் வகுப்பில் இப்போது அந்தச் சிறுமி மீண்டும் கை தூக்குகிறாள்.