பூங்குருவியும் முள்ளம்பன்றியும்

பாகுபாட்டுப் பாடம் முடிந்த அன்று, மலைநாட்டு விலங்குகள் இரண்டை ஒப்பிட்டு எழுதி வருமாறு உயிரியல் டீச்சர் சொன்னார். நான் இலங்கைச் சீட்டிப் பூங்குருவியையும் முள்ளம்பன்றியையும் எடுத்துக்கொண்டேன். பூங்குருவியை நான் கண்டதே இல்லை. முள்ளம்பன்றியோ, ஹட்டனில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள வாப்பாவின் உருளைக்கிழங்குப் பாத்திக்கு இரவில் அழையாமல் வரும் விருந்தாளி.

கணம் வரை இரண்டும் ஒன்றுதான்: கோடேற்றா. வகுப்பில் பிரிகின்றன. மயோபோனஸ் பிளைகி ஒரு பறவை. பாடும் பறவைகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. ஹிஸ்ட்ரிக்ஸ் இன்டிகா ஒரு முலையூட்டி. மண்ணில் வளை தோண்டி வாழ்வது. பெயரில் பன்றி இருந்தாலும் அது எலியையும் அணிலையும் போலக் கொறிக்கும் விலங்கு. அதன் முட்களும் மாற்றமடைந்த மயிர்களே.

அடுத்தது உலகச் சிவப்புப் பட்டியல். முள்ளம்பன்றி துருக்கி முதல் இலங்கை வரை பரந்து வாழ்வதால் 'கவலை குறைந்தது'. பூங்குருவிக்கு நமது மலைக்காட்டு ஓடைகளை விட்டால் உலகில் வேறிடமில்லை. அது 'அழியும் ஆபத்திலுள்ளது'. 1872இல் ஹோல்ட்ஸ்வர்த் அதற்குச் சூட்டியது பிளை என்ற கோப்பித் தோட்டத் துரையின் பெயர். கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் வெட்டப்பட்டது அந்தப் பறவையின் காடுதான்.

எழுதியதை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"கவலை குறைஞ்சதா? அப்ப சுருக்கு வெச்சாப் பிழையில்லையே மகள்" என்றார். அரைப் பாத்தி கிழங்கை இழந்திருந்தார். கம்பியும் வாங்கி வைத்திருந்தார். என் அட்டவணையே அவருக்குச் சாட்சியாகிவிட்டது. எனக்குப் பேச்சு வரவில்லை.

பிறகுதான் 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கம்பிச் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை நினைவுக்கு வந்தது. மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாட்களில் அது இறந்துவிட்டது.

"சுருக்கு பட்டியலைப் பார்த்துப் பிடிக்காதே வாப்பா. மாட்டினது எதுவோ, அது துடிக்கிறதும் ஒரே மாதிரித்தானே?"

அவர் பதில் சொல்லவில்லை. ஞாயிறன்று இருவரும் பழைய தகரங்களை ஓரடி ஆழத்துக்குப் புதைத்துப் பாத்தியைச் சுற்றி அடைத்தோம். போன கிழமை ஒரு மூலையில் அது தோண்டி நுழைந்து நாலைந்து செடிகளைத் தின்றுவிட்டது. வாப்பா முணுமுணுத்துக்கொண்டே அந்த மூலைக்குக் கல் வைத்தார். கம்பி இன்னும் சுருட்டியபடியே கிடக்கிறது.

பட்டியல், ஓர் இனம் அழிவுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்று சொல்கிறது. எந்த உயிரை வதைக்கலாம் என்று அது சொல்லவில்லை. ஒப்படையின் கடைசியில் இதையும் எழுதிக் கொடுத்தேன்.