முன்பனியின் சில்லறை இன்பங்கள்

தமிழ்நாட்டுக் குளிர்காலத்தைக் குளிர்காலம் என்று சொன்னால் வடநாட்டார் சிரிப்பார்கள். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. டில்லியில் ஜனவரி மாதத்து விடியற்காலையில் வெப்பம் ஏழெட்டு டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. சென்னையிலோ அதே மாதத்தில் இருபது டிகிரியை எட்டினாலே நாம் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு, "என்ன குளிர், என்ன குளிர்!" என்று ஒருவருக்கொருவர் அனுதாபம் தெரிவித்துக்கொள்கிறோம். நம் வீட்டில் கம்பளிச் சட்டை என்று ஒன்று இருந்தால், அது வருஷத்தில் பதினோரு மாதம் அந்துருண்டையுடன் பெட்டிக்குள் குடித்தனம் செய்கிறது.

ஆனாலும் நம் முன்னோர்கள் இந்தச் சொற்பக் குளிரை அலட்சியம் செய்யவில்லை. ஆறு பருவங்களில் இரண்டைப் பனிக்கே ஒதுக்கினார்கள். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று பழமொழியும் செய்து வைத்தார்கள். வருஷத்தில் பெரும் பகுதி வெயிலில் வேகும் ஜனங்களுக்குச் சிறிது குளிர் கிடைத்தபோது அதைக் கொண்டாடத் தெரிந்திருந்தது என்பதுதான் இதற்கு அர்த்தம். நான் பேச வந்தது அந்தக் கொண்டாட்டத்தைப் பற்றியே. அதற்கு ஆகும் செலவு அநேகமாய்ச் சில்லறைக் காசுதான்.

இதை எழுதத் தூண்டிய காரணம் ஒன்று உண்டு. நான் பள்ளிக்கூட வாத்தியார். அரையாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பி வந்ததும், விடுமுறையைக் கழித்த விதத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவது பள்ளிக்கூடங்களில் பழைய வழக்கம். ஒரு வருஷம் ஏழாம் வகுப்புக் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒருவன் கொடைக்கானல் போயிருந்தான். இன்னொருவன் உல்லாச விடுதி ஒன்றில் தங்கி, நீச்சல் குளத்தின் நீள அகலத்தை வர்ணித்திருந்தான். ஒரு பெண் மட்டும் இரண்டே வரி எழுதியிருந்தாள்: "நாங்கள் எங்கும் போகவில்லை. வீட்டில்தான் இருந்தோம்." கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆனால் அந்த இரண்டு வரிகளும், வேண்டாத விருந்தாளியைப் போல, பக்கத்தின் ஒரு மூலையில் ஒடுங்கி நின்றன.

அவளை அழைத்து, "வீட்டில் இருந்தபோது என்ன அம்மா செய்தாய்?" என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு மெள்ள மெள்ள வார்த்தை வந்தது. பாட்டியோடு உட்கார்ந்து மொச்சை பிதுக்கினாளாம். அக்காவோடு விடியற்காலையில் கோலம் போட்டாளாம். அப்பா ஒரு நாள் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனாராம். அங்கே நாரை மாதிரி ஒரு பறவையைப் பார்த்தாளாம். அதன் அலகு மூடியபோதுகூட நடுவில் இடைவெளி தெரிந்ததாம்.

நத்தைகுத்தி நாரையைத்தான் அவள் சொன்னாள். நத்தைகளைப் பிடித்துத் தின்பதற்கு வசதியாய் அமைந்த அலகு அது. பெரியவர்கள்கூடக் கவனிக்காமல் போகும் அடையாளத்தை அந்தக் குழந்தை கவனித்திருந்தாள். "இவ்வளவு இருக்க, ஏன் எழுதவில்லை?" என்றேன். அவள் சொன்ன பதில் இது: "அதற்கெல்லாம் செலவே ஆகவில்லையே, சார்!"

நேயர்களே, இந்தப் பதிலை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கினது மட்டுமே இன்பம், மற்றதெல்லாம் வெறுமனே பொழுது போக்கினது என்று ஒரு பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? எந்தப் பாடப் புத்தகத்திலும் அது இல்லை. நம் பேச்சிலும், விளம்பரங்களிலும், கைப்பேசியில் நாம் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் படங்களிலும் அது இருக்கிறது. அந்நியத் துணி இருந்தால்தான் கௌரவம் என்று நினைத்திருந்த ஒரு தலைமுறைக்கு, கையால் நூற்ற கதரும் கௌரவமே என்று சொல்ல ஒரு பெரிய இயக்கமே வேண்டியிருந்தது. சொந்த வீட்டு இன்பத்தைக் கௌரவமாக நினைப்பதற்கும் சிறிது சுதேசி மனப்பான்மை வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த மொச்சையையே எடுத்துக்கொள்வோம். மார்கழி, தை மாதங்கள்தான் பச்சை மொச்சைக்குக் காலம். காயை உரித்து, பருப்பை இரவெல்லாம் தண்ணீரில் ஊற வைத்து, காலையில் இரு விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தினால், தோல் கையில் நிற்க, பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே பாயும். வட ஆற்காடு, செங்கற்பட்டுப் பக்கங்களில் இதற்குப் பிதுக்குப் பருப்பு என்று பெயர். ஒருவர் தனியாகச் செய்தால் இது சலிப்பூட்டும் வேலை. வீட்டிலுள்ள ஐந்து பேரும் ஒரு தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தால் இதுவே விளையாட்டு. யாருடைய பருப்பு எவ்வளவு தூரம் பாய்கிறது என்று பந்தயம் கட்டலாம். பாட்டிக்குப் பழைய கதைகள் ஞாபகம் வருவதற்கும் இதைவிட நல்ல சமயம் கிடையாது. குழம்பு கொதித்து இறங்குவதற்குள் அரை நாள் சந்தோஷமாய்க் கழிந்துவிடும்.

பனங்கிழங்கும் அப்படியே. ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டையை மண்ணில் புதைத்தால், அது கீழ்நோக்கி முளைவிட்டு, மூன்று நான்கு மாதத்தில் கிழங்காகிறது. மஞ்சளும் உப்பும் சேர்த்து வேகவைத்து, தோலையும் நாரையும் உரித்து உரித்துத் தின்ன வேண்டும். அவசரக்காரனுக்கு ஏற்ற பண்டம் அல்ல அது. சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு அவ்வளவு பொறுமைகூட வேண்டாம். தணலில் புதைத்து, தோல் கருகினதும் எடுத்துப் பிளந்தால், அந்த மணத்துக்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து சேருவார்கள்.

கேக் சுடுவதற்கு அடுமனைக்காரரின் பெரிய அடுப்பு வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் வீட்டுக் குக்கரே போதும். அடியில் ஓர் அங்குலம் உப்பையோ மணலையோ பரப்பி, மூடியின் ரப்பர் வளையத்தையும் குண்டையும் கழற்றிவிட்டு, பத்து நிமிஷம் சூடேற்ற வேண்டும். பிறகு மாவுக் கலவை உள்ள பாத்திரத்தை உள்ளே ஒரு தாங்கியின் மேல் வைத்து, சிறு தீயில் முக்கால் மணி நேரம் விட்டால் கேக் எழும்பிவிடும். தென்னங்குச்சியால் குத்திப் பார்த்து, குச்சியில் மாவு ஒட்டாவிட்டால் இறக்கலாம். கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கள் தெருவிலுள்ள கிறிஸ்தவர் வீட்டிலிருந்து கல்கல்லும் அச்சு முறுக்கும் தட்டில் வரும். அந்தத் தட்டை வெறுமனே திருப்பி அனுப்புவது மரியாதை அல்லவே! சில நாள் கழித்துத் திருவாதிரைக் களியோ, பொங்கல் அன்று சர்க்கரைப் பொங்கலோ அதே தட்டில் திரும்பிப் போகும். தேச ஒற்றுமையைப் பற்றி நான் வகுப்பில் செய்யும் பிரசங்கங்களைவிட அந்தத் தட்டு அதிக வேலை செய்கிறது என்பது என் அபிப்பிராயம்.

களி என்றதும் ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. வறுத்து உடைத்த அரிசியும், பாசிப்பருப்பும், வெல்லமும், தேங்காயும், நெய்யும் சேர்ந்த களியையும், ஏழு காய்கறிகள் போட்ட கூட்டையும் உண்டபின், பலர் அந்தத் திருவாதிரை எங்கே இருக்கிறது என்று அண்ணாந்து பார்ப்பதில்லை. மார்கழிப் பௌர்ணமியை ஒட்டிச் சந்திரன் எந்த நட்சத்திரத்தின் அருகே வருகிறதோ, அதுவே திருவாதிரை. இரவு எட்டு மணிக்கு மொட்டைமாடியில் நின்று கிழக்கே பார்த்தால், வரிசையாய் மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அவற்றுக்கு இடப்புறத்தில் சற்றுச் செந்நிறமாய் ஒளிர்வதே அது. மேல்நாட்டார் அதைப் பெட்டல்ஜூஸ் என்கிறார்கள். அதன் தூரம் சுமார் 500 முதல் 700 ஒளியாண்டுகள் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே இன்று நம் கண்ணில் படும் ஒளி, உத்தேசமாக விஜயநகர சாம்ராஜ்யத்தின் காலத்தில் புறப்பட்டது. 2019ஆம் வருஷக் கடைசியிலும் 2020ஆம் வருஷ ஆரம்பத்திலும் அது வெறுங்கண்ணுக்கே தெரியும்படி மங்கிப் போயிற்று. வெடிக்கப் போகிறதோ என்று உலகமெங்கும் பேசிக்கொண்டார்கள். அது தானே கக்கிய தூசி மறைத்ததுதான் முக்கிய காரணம் என்று பின்னர் கண்டார்கள், ஒளியும் திரும்பிவிட்டது. இத்தனை பெரிய நாடகத்துக்கு அனுமதிச் சீட்டு கிடையாது.

வெளியே போய் வர வேண்டும் என்ற ஆசையும் நியாயமானதே. செங்கற்பட்டு ஜில்லாவில் இருப்பவர்களுக்கு வேடந்தாங்கல் இருக்கிறது. சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். பேருந்திலேயே போய் வரலாம். கட்டுச்சாதமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டால் ஒரு குடும்பம் குறைந்த செலவில் ஒரு நாளைக் கழித்துவிடலாம். மழை நன்றாய்ப் பெய்து ஏரி நிரம்பினால், கார்த்திகை முதல் பங்குனி வரையில் தண்ணீரில் நிற்கும் மரங்களெல்லாம் பறவைகளாய்க் காய்த்திருக்கும். கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நத்தைகுத்தி என்று ஒவ்வொன்றாய் அடையாளம் காண்பதே குழந்தைகளுக்கு விளையாட்டு.

அந்த ஏரியைக் காப்பாற்றினவர்கள் அந்த ஊர்க் குடியானவர்கள் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்று அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். ஆகவே பறவைகளைச் சுடக்கூடாது என்று வற்புறுத்தி, 1798இல் அப்போதைய கலெக்டரிடமிருந்து எழுத்து மூலம் உரிமை பெற்றார்கள். வனவிலங்குச் சட்டங்கள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு நடந்த காரியம் இது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் வேடந்தாங்கல் சேர்ந்தது. உலகத்தார் அறிந்துகொள்வதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று, ஊரார் அறிந்திருந்தார்கள்.

சென்னைவாசிகளுக்கு மார்கழி என்றால் சங்கீதம். அதன் வரலாற்றிலும் தேசியத்தின் தொடர்பு இருக்கிறது. 1927ஆம் வருஷம் டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. அதையொட்டி அகில இந்திய சங்கீத மகாநாடு ஒன்றும் நடந்தது. அதன் விளைவாகவே 1928இல் மியூசிக் அகாடமி ஏற்பட்டது. மாலைக் கச்சேரிகளுக்குச் சீட்டு விலை ஏறிக் கிடந்தாலும், பல சபாக்களில் பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. அங்கே பாடுகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். கேட்கிறவர்கள் கூட்டமோ சொற்பம். அந்தச் சொற்பப் பேரில் ஒருவராய் உட்கார்ந்து, நாளைக்குப் புகழ் பெறப்போகும் ஒரு குரலை இன்றைக்கே கேட்டுவிடுவது எவ்வளவு பெருமை!

இங்கே ஒரு ஆட்சேபணை எழக்கூடும். "ஏழைக்கு இதுவே போதும் என்று உபதேசம் செய்கிறீரோ?" என்று ஒருவர் கேட்கலாம். அப்படி அல்ல. கிழிந்த சட்டையோடு பனியில் நடுங்கும் குழந்தையிடம் நட்சத்திரத்தைக் காட்டுவது அழகல்ல; முதலில் அதற்குப் போர்வை வேண்டும். வறுமை ஒழிய வேண்டியதே. ஆனால் வறுமை ஒழிந்து, கையில் நாலு காசு சேர்ந்த வீட்டுக்கும் மொச்சை அதே சுவைதான்; திருவாதிரை அதே சிவப்புத்தான். கொடைக்கானல் போய் வந்த பையனுக்கும் அந்தப் பெண் பார்த்த பறவை தெரிந்திருந்தால் அவனுக்கு லாபமே தவிர நஷ்டம் இல்லை.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். செலவில்லாத இன்பம் என்று நாம் சொல்வதில் பாதி, வீட்டுப் பெண்களின் உழைப்பாய் இருக்கிறது. காலை நாலரை மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவளும், களி கிளறுகிறவளும், கட்டுச்சாதம் கட்டுகிறவளும் ஒரே அம்மாளாய் இருந்து, மற்றவர்கள் கம்பளிக்குள்ளிருந்து கொண்டு "ஆஹா, மார்கழி!" என்று ரஸித்தால், அங்கே செலவு இல்லாமற் போகவில்லை, ஒருவர் தலையில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். மொச்சைத் தாம்பாளத்தைச் சுற்றி அப்பாவும் பிள்ளைகளும் உட்கார்ந்தால்தான் அது குடும்பத்தின் இன்பம். கோலப்பொடி பிடிப்பதற்கு ஆண் விரல்கள் ஏற்றவையல்ல என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

நம்மிடம் பனிக்காலம் அதிக நாள் தங்குவதில்லை. தை முடிந்ததும் மொச்சை முற்றிப் போகும். பங்குனியில் பறவைகள் புறப்பட்டுவிடும். வைகாசியில் திருவாதிரை மாலை வெளிச்சத்தில் மறைந்துவிடும். அப்புறம் வெயில் நம் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டால் ஐப்பசி மழை வந்துதான் எழுப்ப வேண்டும். ஆகையால், வருகிற ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் பச்சை மொச்சை கண்ணில் பட்டால் இரண்டு கிலோ அதிகமாகவே வாங்கி வாருங்கள். பிதுக்குவதற்கு வீட்டில் விரல்களுக்கா பஞ்சம்?